தூசியைத் துடைப்பவள்: தங்கவயல் கதைகளில் காணாமற்போன பெண்

முதுகலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் ‘தங்கலான்’ திரைப்படம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சாதி, நிலவுரிமை, தொன்மம், பேச்சுமொழி என்று மாணவிகள் ஆளுக்கொரு பக்கமிருந்து நன்றாகவே பேசினார்கள். மணி அடிக்கப்போகும் நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: “மேடம், தங்கம் கெடச்சிடுச்சு, சரி. அதுக்கப்புறம் அந்தப் பொம்பளைங்க என்ன ஆனாங்க?”

வகுப்பு சிரித்தது. படம் முடிந்த பிறகு என்ன நடந்தது என்று கேட்பது சிறுபிள்ளைத்தனம் என்றே இலக்கியம் படித்த நாம் பழகியிருக்கிறோம். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய ஆயா கோலார் தங்கவயலில் வாழ்ந்தவர். “ஆயா வீட்டுல எந்நேரமும் தண்ணிக் குடத்து வாயில துணி கட்டியிருக்கும். எங்க ஊருக்கு வந்தப்புறமும் அந்தப் பழக்கம் போகல. காத்தடிச்சா போதும், பெருக்குன வீட்டையே திரும்பப் பெருக்குவாங்க” என்றாள்.

அன்று அவளுக்கு நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதன் பிறகு கோலார் தங்கவயலைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்ட கதைகளை அந்தக் குடத்துத் துணியை நினைவில் வைத்துக்கொண்டு மீண்டும் பார்த்தேன். சுரங்கத்தைப் பற்றிய நம் கதைகள் தங்கம் கிடைப்பதோடு முடிகின்றன. அல்லது தங்கத்துக்காக யாரோ சாவதோடு முடிகின்றன. சுரங்கம் விட்டுச்செல்லும் தூசியோடு அன்றாடம் வாழும் வேலை அவற்றில் இல்லை. அந்த வேலை பெண்ணின் வேலையாக இருப்பதும், அது கதைக்குள் வராமல் இருப்பதும் தற்செயல் அல்ல என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

1. வயல் என்ற சொல்

‘கோல்டு ஃபீல்டு’ என்ற ஆங்கிலப் பெயரைத் தமிழர்கள் ‘தங்கவயல்’ ஆக்கினார்கள். அழகான மொழியாக்கம். வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து அங்கே போனவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். ஊரில் பிறர் நிலத்தில் உழைத்தவர்கள். சொந்தமாக வயல் இல்லாதவர்கள் போய்ச் சேர்ந்த இடத்துக்கு வயல் என்று பெயர் வைத்ததில் ஒரு ஏக்கமும் ஒரு நம்பிக்கையும் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தச் சொல்லை ஒரு பெண்ணின் இடத்திலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நெல் வயலில் அவளுக்குப் பெயருள்ள வேலைகள் உண்டு. நாற்றுப் பறிக்கிறாள், நடுகிறாள், களை எடுக்கிறாள், கதிர் அறுக்கிறாள், விதையைக் காக்கிறாள். கூலி ஆணுக்குக் கிடைப்பதைவிடக் குறைவுதான். ஆனாலும் வயலுக்குள் அவள் இருக்கிறாள். தங்கவயலின் மையமான வேலை நிலத்துக்கடியில் நடந்தது. அங்கே அவளுக்கு இடமில்லை. பெண்களைச் சுரங்கத்துக்கடியில் வேலைக்கு அமர்த்தக் கூடாது என்ற பன்னாட்டு உடன்படிக்கை 1935இல் வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் அந்தத் தடை 1937இல் முழுமையானது. போர்க்காலத்தில் நிலக்கரி தேவைப்பட்டபோது 1943இல் அதே தடையைத் தளர்த்தினார்கள். போர் முடிந்ததும் 1946இல் மறுபடி கொண்டுவந்தார்கள். சுதந்திர இந்தியாவின் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் அதைத் தொடர்ந்தது. மேற்பார்வை, தொழில்நுட்பப் பணிகளுக்காவது பெண்கள் கீழே இறங்கலாம் என்ற தளர்வு 2019இல்தான் வந்தது.

பெண்ணின் உடல்நலம் கருதிச் செய்த பாதுகாப்பு என்று இதைச் சொல்வார்கள். கீழே இறங்காத அந்தப் பெண்ணின் வீட்டுக்கு மேலே என்ன குவிந்தது என்பதை எந்தப் பாதுகாப்புச் சட்டமும் கேட்கவில்லை.

2. ஒரு சவரனின் எடை

கோலாரில் 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் கீழ் நவீனச் சுரங்க வேலை தொடங்கியது. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்களையும் கிளப்பையும் வைத்து ‘குட்டி இங்கிலாந்து’ என்றார்கள். இதே ஊர்தான் தமிழ் அறிவு மரபிலும் ஒரு மையம். அயோத்திதாசரின் சாக்கிய பௌத்தச் சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. அவருடைய நூல்கள் இங்குள்ள சித்தார்த்தா புத்தகசாலையிலிருந்து வெளிவந்தன. தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவுசெய்யும் முறையை எதிர்த்து 1930இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்ததும் இங்கேதான். அரசுடைமையான பின்னும் பல பத்தாண்டுகள் ஓடிய சுரங்கம் 2001 பிப்ரவரி முடிவில் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள்.

நூற்றிருபது ஆண்டுகளில் இங்கிருந்து எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன். மிச்சமாக நிற்கும் கழிவுத் தூள் சுமார் 3.3 கோடி டன். நம் வீட்டுக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். சராசரியாக ஒரு கிராம் தங்கத்துக்கு 40 கிலோவுக்கு மேல் தூள். ஒரு சவரனுக்கு 300 கிலோவுக்கு மேல். ஐந்து சவரன் தாலிச்சரடு என்றால் ஒன்றரை டன்னைத் தாண்டும். என் கழுத்திலிருப்பதையும் இந்தக் கணக்குக்கு வெளியே வைக்க முடியாது.

இந்தத் தூள் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது அவசியம். வெட்டியெடுத்த பாறையை மாவுபோல் அரைத்தார்கள். அந்த மாவைச் சயனைடு கரைசலில் ஊறவிட்டால் தங்கம் கரைசலில் இறங்கும். ஸ்காட்லாந்தில் 1887இல் காப்புரிமை பெற்ற முறை இது. தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய சேற்றை ஊரையொட்டிக் கொட்டினார்கள். காய்ந்ததும் அது மேடாயிற்று. மேட்டின் மேல் மேடாகக் கொட்டக் கொட்ட மலையாயிற்று. இப்படி நிற்பவை பதின்மூன்று. ‘சயனைடு மலை’ என்று ஊரே அழைக்கிறது.

சயனைடு வெயிலில் பெருமளவு சிதைந்துவிடும். ஆகவே பெயரைக் கேட்டு நாம் பயப்படும் நஞ்சு மட்டுமே சிக்கல் இல்லை. அந்த மாவில் சிலிக்கா இருக்கிறது. மிக நுண்ணிய சிலிக்கா நுரையீரலுக்குள் போனால் தழும்பாகத் தங்கிவிடும். சிலிக்கோசிஸ் என்னும் அந்நோய்க்கு முற்றாகக் குணமாக்கும் மருந்து கிடையாது. காசநோய் வரும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது. பாறையோடு சேர்ந்து வந்த கந்தகக் கனிமங்களும் மாவில் உள்ளன. மழைநீரும் காற்றும் பட்டால் அவை அமிலமாகி, பாறையிலிருக்கும் உலோகங்களைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். கோடையில் காற்றோடும் மழையில் தண்ணீரோடும் அந்த மலை ஊருக்குள் வருகிறது.

பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. மற்ற நிலங்கள் தம் இயல்பு கெடும்போது பாலை உண்டாகிறது என்று வகுப்பில் பாடம் நடத்துகிறோம். தங்கவயலில் இருப்பது அப்படிப்பட்ட நிலம்தான். வயல் என்கிறோம், அங்கே நெல் விளைவதில்லை. மலை என்கிறோம், அங்கே சுனை இல்லை. பாலைத் திணையில் பிரிந்து போகிறவன் ஆண். வீட்டில் இருந்து ஆற்றுகிறவள் பெண். தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு இந்த வரிசை மாறியிருக்கிறது. மாரிகுப்பத்திலிருந்து விடியலுக்கு முன் புறப்படும் பெங்களூரு ரயிலில் ஆண்களோடு பெண்களும் கூலி வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். அவள் திரும்பி வரும் வீட்டில் அன்றைய தூசி படிந்தே இருக்கும்.

3. பாலைவனமாகத் தெரியும் கழிவு

‘கே.ஜி.எஃப்.’ படத்தின் முதல் பாகம் 2018இலும் இரண்டாம் பாகம் 2022இலும் வந்தன. கன்னடத்தில் பிரசாந்த் நீல் இயக்கியவை. தமிழிலும் பெருங்கூட்டம் பார்த்தது. படத்தில் வருவது நாராச்சி என்ற கற்பனைச் சுரங்கம். அதை எடுத்த இடமோ கற்பனையில்லை. தங்கவயலின் சயனைடு மலைகளில்தான் அரங்கம் அமைத்தார்கள்.

திரையில் நாம் பார்ப்பது புழுதிக்காற்று சுழலும் மரமற்ற பரப்பு. இசையும் இருட்டும் சேர்ந்து அதைக் கொடுங்கோலனின் கோட்டையாக்குகின்றன. பார்வையாளருக்கு அது ஒரு பாலைவனம். அது பலருடைய கொல்லைப்புறம் என்று படம் ஓரிடத்திலும் உணரவிடவில்லை. நாயகன் நடந்துவரும்போது பின்னால் எழும் அந்தப் புழுதியின் உறவுக்காரத் தூசிதான் என் மாணவியின் ஆயா குடத்து வாயில் துணி கட்டித் தடுத்தது. ஒரே பொருள் திரையில் பிரமாண்டமாகவும் வீட்டில் துடைக்க வேண்டிய அழுக்காகவும் இருக்கிறது. பிரமாண்டத்துக்குக் கைதட்டல் உண்டு. துடைப்பதற்கு எந்தக் கதையிலும் காட்சி இல்லை.

இந்தப் படங்களில் பெண்ணுக்கு மரியாதை இல்லாமல் இல்லை. மிகையாகவே இருக்கிறது. வறுமையில் இறந்த தாய்க்குச் சிறுவன் கொடுத்த வாக்குதான் கதையின் முழு இயக்கமும். தாய் பேசியதெல்லாம் அவனுக்கு வேதம். ஆனால் அவள் செத்த பிறகுதான் கதைக்குப் பயன்படுகிறாள். உயிரோடிருக்கும் பெண்கள் காப்பாற்றப்பட வேண்டியவர்களாகவோ காதலிக்கப்பட வேண்டியவர்களாகவோ வருகிறார்கள். ஆயிரக்கணக்கானோர் அடைபட்டு உழைக்கும் அந்தச் சுரங்கத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் சுமக்கிறார்கள், இருமுகிறவனுக்கு யார் கஞ்சி கொடுக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு அங்கே நேரமில்லை. கூடவே, அந்த ஊரைக் கட்டிய தமிழ் பேசும் தலித் தொழிலாளர்களும் காணாமற்போகிறார்கள். ஊரின் பெயரை எடுத்துக்கொண்ட படம் ஊராரை விட்டுவிட்டது.

4. ஆரத்தியும் கங்கம்மாவும்

பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ 2024 ஆகஸ்டில் வந்தது. மேற்சொன்ன குறையின் ஒரு பாதியை அது சரிசெய்கிறது. 1850களில் வட ஆற்காட்டுச் சிற்றூர் ஒன்றில் தன் நிலத்தைப் பறிகொடுத்தவன், அந்த நிலத்தை மீட்கப் பொன் தேடும் வெள்ளைக்காரனோடு போகிறான். தங்கவயலின் வரலாற்றை அதன் உண்மையான உழைப்பாளிகளின் கையில் திருப்பிக் கொடுத்த படம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெண்களையும் அது மறக்கவில்லை. மேலாடை இல்லாமல் வைக்கப்பட்டிருந்த பெண்கள் முதல்முறை ரவிக்கை அணியும் காட்சியில் திரையரங்கில் நானும் கண்கலங்கினேன். உடையைச் சாதி எப்படிப் பெண்ணுடலின் மேல் எழுதியது என்பதைப் பத்துப் பக்கக் கட்டுரையைவிட அந்தச் சில நிமிடங்கள் நன்றாகச் சொல்கின்றன.

1850களில் நடக்கும் கதையிடம் சயனைடு எங்கே என்று கேட்பது நியாயமில்லை. அந்த முறையே பிறகுதான் வந்தது. நான் கேட்பது வேறு. இந்தப் படம் சுரங்கத்தின் பாரத்தைப் பெண்களிடையே எப்படிப் பகிர்ந்து கொடுக்கிறது?

படத்தில் முதன்மையான பெண்கள் இருவர். தங்கத்தைக் காக்கும் ஆரத்தி. தங்கலானின் மனைவி கங்கம்மா. ஆரத்திக்கு மந்திர ஆற்றல் உண்டு. அவள் உடலும் அந்த மண்ணும் வேறுவேறல்ல. மண்ணைக் கிழிப்பவன் அவளைக் கிழிக்கிறான். கங்கம்மாவுக்கு அப்படி எதுவும் இல்லை. பிள்ளைகள், அடுப்பு, பசி, கணவன்மேல் கோபம், பிறகு அவன் அழைத்துச் செல்லும் இடத்துக்குப் போகிற நடை. பார்வதியின் நடிப்பில் மிக உயிருள்ள பெண் அவள். ஆனால் மண்ணுக்கு நேரும் காயத்தோடு அவளுக்குத் தொடர்பில்லை. நிலத்தின் வலி முழுவதும் ஆரத்தியிடம். வீட்டின் வலி முழுவதும் கங்கம்மாவிடம்.

உண்மையான சுரங்க ஊரில் இந்த இருவரும் ஒருத்திதான். நீர் கெட்டால் தொலைவிலிருந்து குடம் தூக்குகிறவளும், தூசி விழுந்தால் பாத்திரத்தை மறுபடி கழுவுகிறவளும், பிள்ளைக்கு மூச்சு இரைத்தால் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறவளும், கணவனின் இருமலைக் கேட்டபடி இரவில் விழித்திருக்கிறவளும் ஒரே பெண். நிலத்துக்கு நடப்பது அவளுக்குச் சமையலறை வழியாக வந்து சேர்கிறது. அவளிடம் மந்திரம் இல்லை, துடைப்பம் இருக்கிறது. ஆரத்தி என்ற அற்புதமான உருவத்தில் நாம் மயங்கும்போது, கங்கம்மாவின் துடைப்பம் சூழலியல் பற்றிய பேச்சுக்குள் வரவேண்டிய பொருள் என்று நமக்குத் தோன்றாமலே போகிறது.

இதற்கு ஒரு படத்தைக் குற்றம்சொல்லிப் பயனில்லை. பூமாதேவி, நிலமகள், கன்னி நிலம் என்று மண்ணைப் பெண்ணாக்கும் பழக்கம் நம் மொழி முழுக்கப் பரவியிருக்கிறது. என் தொடக்ககாலக் கவிதைகளிலும் அது உண்டு. சுரங்கத்தைக் கருப்பைக்கு ஒப்பிட்டு ஒரு கவிதை எழுதியிருக்கிறேன். மேடையில் வாசித்துப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். இன்று படித்தால் அதில் ஒரு பெண்கூட இல்லை. உவமை மட்டும் இருக்கிறது.

5. இயற்கைக்கு நெருக்கமானவளா?

பெண்ணியச் சிந்தனைக்குள்ளேயே இது பழைய விவாதம். வந்தனா சிவா 1988இல் வெளியிட்ட ‘ஸ்டேயிங் அலைவ்’ நூல், இயற்கையை அழிக்கும் வளர்ச்சியும் பெண்ணை ஒடுக்கும் ஆதிக்கமும் ஒரே வேரிலிருந்து வருவதாகச் சொன்னது. இயற்கையைப் பெண்மையின் ஆற்றலாகக் கண்டது. சிப்கோ போன்ற போராட்டங்களில் பெண்கள் நின்றதற்கு அது பெருமிதமான விளக்கம் தந்தது. பீனா அகர்வால் 1992இல் எழுதிய கட்டுரையில் இதை மறுத்தார். பெண்கள் என்று ஒரே திரளாகச் சொல்லிவிட முடியாது; எந்தச் சாதி, எந்த வர்க்கம், நிலம் யார் பெயரில், விறகும் தண்ணீரும் கொண்டுவருவது யார் என்பதைப் பொறுத்தே சூழலோடு ஒரு பெண்ணின் உறவு அமைகிறது என்றார். பிறப்பால் அவள் இயற்கைக்கு நெருங்கியவள் அல்ல. வேலைப் பிரிவினை அவளை அங்கே நிறுத்தியிருக்கிறது.

தங்கவயலைப் பார்க்க எனக்கு அகர்வாலின் கண்ணாடியே பொருந்துகிறது. அதே ஊரில் பங்களாவில் வாழ்ந்த அதிகாரியின் மனைவியும் பெண்தான். அவர் வீட்டிலும் தூசி விழுந்திருக்கும். அதைத் துடைத்தது இன்னொரு பெண். ‘குட்டி இங்கிலாந்து’ நினைவுக் குறிப்புகளில் நடனமும் கேக்கும் வருகின்றன, துடைத்தவள் வருவதில்லை. தூசி எல்லோர் மீதும் விழுகிறது என்பது உண்மை. அதைத் துடைக்கும் வேலை எல்லோர் மீதும் விழுவதில்லை.

தமிழில் இப்படிப் பார்த்து எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை மருதி என்ற பெண்ணுக்கு நேர்ந்ததன் வழியாகக் காட்டியது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய்ப் பழகி ‘கரிப்பு மணிகள்’ நாவலை 1979இல் தந்தார். உப்பு அங்கே அழகிய வெண்மையாக நின்றுவிடவில்லை. உழைக்கும் பெண்ணின் கண்ணையும் காலையும் எரிக்கும் பொருளாக வந்தது. ஒரு தொழில் நிலத்துக்குச் செய்வதையும் பெண்ணுடலுக்குச் செய்வதையும் ஒரே வாக்கியத்தில் எழுத முடியும் என்பதற்கு அந்த நாவல் சான்று. தங்கவயலுக்கு அப்படியொரு பெண்ணின் எழுத்து நம் பாடத்திட்டங்களில் இல்லை.

6. பதிவேட்டில் இல்லாத வேலை

கதையில் இல்லாதவள் காகிதத்திலும் இல்லை. சிலிக்கோசிஸ் சட்டப்படி தொழில்சார் நோய். சுரங்கத்தில் வேலை பார்த்தவருக்கு அது வந்தால் அறிவிக்க வேண்டும்; இழப்பீடு கேட்கலாம். நடைமுறையில் அதை வாங்குவது எவ்வளவு கடினம் என்பது வேறு கதை. ஆனால் அந்த விதி தூசியை வேலையிடத்தோடு கட்டிப்போடுகிறது. வேலையாள் என்று பெயர் பதிவானவருக்கு மட்டுமே அந்த நோய் ‘தொழில்சார்’ நோய். காற்றில் வரும் தூளை நாள்தோறும் பெருக்குகிறவளுக்கு அது தொழில் இல்லை. ஆகவே அவளுக்கு வரும் இருமல் வெறும் இருமல். பல ஆண்டுகள் கணவனைப் படுக்கையில் வைத்துப் பார்த்த மனைவியின் உழைப்பும் அப்படியே. சுரங்கத்தின் உற்பத்திச் செலவில் அது ஒரு பைசாவாகக்கூடச் சேர்ந்ததில்லை. அவள் கூலியில்லாமல் செய்ததால்தான் தங்கம் அந்த விலைக்குக் கிடைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

இது மூடிப்போன ஒரு சுரங்கத்தின் பழங்கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். தமிழ்நாட்டிலேயே நெய்வேலி இருக்கிறது. 1957இல் நேரு தொடங்கிவைத்த பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். கோலாரில் சுரங்கத்துக்கு வயல் என்று பெயர் வைத்தார்கள். இங்கே வயலே சுரங்கமாகிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக, வளர்ந்து நின்ற நெற்பயிரின் மேல் பொக்லைன்கள் இறங்கிய காட்சியை நாம் எல்லோரும் பார்த்தோம். நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிர்வாகம். பயிரை அழித்ததைக் கண்டு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வெளிப்படையாக வேதனைப்பட்டார். அதன்பின் விவாதம் முழுக்க ஏக்கருக்கு எவ்வளவு, எத்தனை பேருக்கு நிரந்தர வேலை என்றே நடந்தது. இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டிலும் முன்னால் நிற்பது பட்டாதாரர். 2015–16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் பொறுப்பில் இருப்பவை ஏறத்தாழ 14 விழுக்காடுதான். நிலத்தை நம்பி வாழும் கூலித் தொழிலாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கிறது. ஆனால் பிறர் வயலில் இருபது ஆண்டுகள் நாற்று நட்டவளிடம் அதற்கு என்ன காகிதம் இருக்கும்? அவள் நட்டதற்கு அந்தப் பயிரே சாட்சி. அதையும் பொக்லைன் புரட்டிவிட்டது.

7. மறுபடி தோண்டப்போகும் மலை

கோலாரில் கதை இன்னும் முடியவில்லை. பழைய முறையில் முழுவதும் பிரியாமல் போன தங்கம் அந்தக் கழிவு மேடுகளில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. தங்கத்தின் விலை ஏறியதும் அதன்மேல் கண் விழுந்தது. ஆயிரம் ஏக்கர் அளவில் பரந்திருக்கும் அந்தப் பதின்மூன்று மேடுகளையும் மறுபடி தோண்டி, அரைத்து, தங்கம் எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. வேலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு ஊரில் இருப்பது இயல்பு. நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறி அலுத்தவர்களிடம் வேலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

சில கேள்விகளைக் கேட்க உரிமை உண்டு. இறுகிப்போன மேட்டைக் கிளறும்போது எழும் தூளை எப்படித் தடுப்பார்கள்? எடுத்த பிறகு மிஞ்சுவதை எங்கே கொட்டுவார்கள்? அரைக்கவும் அலசவும் தேவைப்படும் தண்ணீர், நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த, பல முறை வறட்சி கண்ட அந்த மாவட்டத்தில் எங்கிருந்து வரும்? கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் அது எத்தனை மணிக்கு? காலை பதினொரு மணிக்கு வைத்தால் ரயிலில் போனவள் அங்கே இருக்க மாட்டாள். வீட்டிலிருப்பவள் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பாள். தூசியைப் பற்றி ஊரில் அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள் இருவரும்தான். எந்த மாதம் காற்று எந்தப் பக்கம் அடிக்கும், எந்தத் துணி போட்டால் குடத்துக்குள் தூள் இறங்காது, மழைக்குப் பிறகு எந்தக் கிணற்றுத் தண்ணீர் சுவை மாறும் என்பதெல்லாம் அவர்கள் கற்ற அறிவு. சூழல் தாக்க மதிப்பீட்டில் அதை எழுத ஒரு கட்டம் வேண்டும்.

தங்கத்தை நாம் அணியக் கூடாது என்று முடித்துவிடுவது எனக்கு எளிது, நேர்மையாக இருக்காது. நிலம் எழுதித் தராத நம் சமூகத்தில் பெண்ணின் கைக்கு வருகிற சொத்து பெரும்பாலும் அந்த நான்கு சவரன்தான். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு அடகு வைக்கவும், அடி தாங்காமல் வீட்டைவிட்டு வெளியேறும் இரவில் முடிந்து எடுத்துப் போகவும் அதுதான் இருக்கிறது. ஒரு பெண்ணின் பாதுகாப்பு இன்னொரு பெண்ணின் வீட்டில் தூசியாக விழுகிறது. இந்த முடிச்சை நகையைக் கழற்றி அவிழ்த்துவிட முடியாது. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வியும் கழிவு யார் தலையில் விழுகிறது என்ற கேள்வியும் ஒன்றுதான் என்று பெண்ணியம் சொல்லத் தொடங்க வேண்டும்.

அந்த மாணவிக்கு இப்போது ஒரு பதில் வைத்திருக்கிறேன். தங்கம் கிடைத்த பிறகு அந்தப் பெண்கள் வீட்டைப் பெருக்கினார்கள். அவர்களுடைய மகள்களும் பேத்திகளும் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். உன் ஆயா ஏன் குடத்து வாயில் துணி கட்டினார் என்பதை நீ எழுது. ஆய்வேடாகவோ கதையாகவோ, எதுவாகவும் இருக்கட்டும். மலையை மறுபடி தோண்டத் தொடங்குவதற்கு முன்னால் அதை எழுதிவிடு.